இருபத்து மூன்றாம் எண் டேப்

பிப்ரவரி 12, திங்கள்

காலையில் மண்டிக்குப் புது மஞ்சள் வந்தது. விரலி நல்ல நிறம். ஈரம் இன்னும் போகவில்லை. இரண்டு வெயில் காயவேண்டும்.

பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். பெயர் பெனிட்டா. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். முப்பது வயது இருக்கும். வெளிநாட்டுப் பவுண்டேஷன் ஒன்று நம் வட்டாரத்தில் பன்னிரண்டு பள்ளிகளுக்கு, பாடம் படிக்கிற டேப்லெட், சுருக்கமாக டேப், பள்ளிக்கு இருபத்தைந்து வீதம் கொடுத்து இரண்டரை வருடம் ஆகிறது. பிள்ளைகள் அதில் படிக்கிறார்களா என்று பார்த்து மதிப்பெண் போட இவளை அனுப்பியிருக்கிறார்கள். உள்ளூர் ஆள் ஒருவர் கூடவே போய் இரண்டாவது கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதி. பவுண்டேஷன் இங்கே வைத்திருக்கிற பகுதிக் குழுவுக்குத் தலைவர் நான். ஆகவே கையெழுத்தும் என்னுடையது, வண்டியும் என்னுடையது.

ருக்குமணி சாப்பாடு போடும்போது கேட்டாள்: "ஏனுங்க, அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்ட ஆளு, இப்பப் பள்ளிக்கூடத்துக்கே மார்க்குப் போடறீங்களா?"

"மார்க்குப் போடறது அந்தப் பொண்ணு. நான் கூடப் போறேன்."

"ஆமாமா. மாடு வாங்கற எடத்துல தரகுக்காரன் கூடப் போற மாதிரி."

மதிப்பெண் நன்றாக வந்தால் அடுத்த கட்டம் நாற்பது பள்ளி. மாவட்ட அமைப்பாளர் என்று ஒருவரைப் போடுவார்கள். என் பெயர் பேச்சில் இருக்கிறது. எனக்கு ஆசை உண்டு. பதினாலு வயதில் இதே தெருவில் மஞ்சள் மூட்டை தூக்கியவன் நான். ஆசை இல்லை என்று எழுதினால் இந்த நோட்டு எதற்கு?

பிப்ரவரி 13, செவ்வாய்

முதல் பள்ளி மேட்டாங்காட்டுப்புதூர். தலைமையாசிரியர் குழந்தைசாமி வாசலிலேயே நின்றிருந்தார். அவருடைய அறையில் பச்சை இரும்பு பீரோ. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் கதவில் காய்ந்து கிடந்தது. மூன்று பூட்டு. திறந்தால் இருபத்தைந்து டேப்பும் ஆளுக்கொரு துணிப்பையில், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரி வரிசையாக நின்றன.

பெனிட்டா ஒன்றை எடுத்து ஆன் செய்தாள்.

"சார், இது மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுதே?"

"தமிழுதானுங்க மேடம்" என்றார் குழந்தைசாமி.

"அது தெரியும் சார். புதுசா வாங்கி மொத தடவை ஆன் பண்ணாத்தான் இந்தக் கேள்வி வரும்."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்கெல்லாம் வர்றீங்கன்னு உள்ள இருக்கறதையெல்லாம் நல்லாச் சுத்தம் பண்ணி வெச்சிருக்கறமுங்க மேடம்."

பயன்பாட்டுப் பதிவேடு அருமையாக இருந்தது. இரண்டரை வருடமும் ஒரே பேனா, ஒரே கை. பெனிட்டா அதை மூடி வைத்தாள். படிவத்தில் என்ன கேட்டிருக்கிறதோ அதற்கு மதிப்பெண் போட்டாள். கருவிகளின் நிலை முப்பதுக்கு முப்பது. பாதுகாப்பு இருபதுக்கு இருபது. பதிவேடு இருபதுக்கு இருபது. பிள்ளைகள் பயன்படுத்துவதற்கு மொத்தமே இருபது, அதில் இரண்டு. அப்படியும் நல்ல தரத்தில் தேறிவிட்டது.

கிளம்பும்போது குழந்தைசாமி என்னைத் தனியாக இழுத்தார். "தலைவரே, ஒரு கீறல் இருந்துதுங்களா? உங்க லெட்டர்ல கையெழுத்துப் போட்ட அன்னிக்கே சொன்னனல்லங்க, என் உசுரு போனாலும் டேப்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு."

உங்க லெட்டர் என்கிறார். அது குழுவின் கடிதம். டேப் உடைந்தாலோ காணாமல் போனாலோ தலைமையாசிரியரே பொறுப்பு, கல்வி அலுவலகத்துக்கு எழுதப்படும், பணிப் பதிவேட்டில் ஏறும் என்று ஒரு தாள். சாமான் என்றால் அதற்கு ஒரு சொந்தக்காரன் வேண்டும். பொதுச் சாமான் மூன்று மாதத்தில் குப்பைக்குப் போகும். இதில் தப்பு என்ன?

பிப்ரவரி 14, புதன்

மூன்று பள்ளி. மூன்று பீரோ. ஒரு இடத்தில் சாவியைத் தேட அரைமணி நேரம் ஆனது.

பிப்ரவரி 16, வெள்ளி

இன்றோடு எட்டுப் பள்ளி முடிந்தது. எட்டிலும் நல்ல மதிப்பெண். நான் சந்தோஷப்படவேண்டும்.

திரும்பும் வழியில் டீக்கடையில் பெனிட்டா கேட்டாள்: "குழந்தைங்க இருக்கற வீட்டுல வருஷத்துக்கு நாலு தட்டாவது உடையும். இருநூறு டேப்புல ஒண்ணுகூட உடையலையே, எப்படி சார்?"

"நல்லா வெச்சிருக்காங்க அம்மணி."

"மண்டியில நீங்க சரக்கு எப்படிப் பார்ப்பீங்க?"

எனக்குப் பிடித்த பேச்சு. சொன்னேன். மூட்டையின் வாயில் இருக்கிறதை நம்பக்கூடாது. நடுவில் குத்தூசி போட்டு எடுக்கவேண்டும். பாலீஷ் போட்ட மஞ்சள் எல்லாம் மேலே ஒரே பளபளப்புத்தான். ஒரு விரலியை முறித்தால் தெரியும், உள்ளே வேக்காடு பிடித்திருக்கிறதா வெளுத்துக் கிடக்கிறதா என்று.

"அப்ப இந்த எட்டுப் பள்ளியில நீங்க ஒண்ணையுமே முறிச்சுப் பார்க்கலையே சார்."

டீ சூடாக இருந்தது. பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

திங்கட்கிழமை நொச்சிவலசு. எனக்கு அன்றைக்கு ஏலம் இருக்கிறது, நீ மட்டும் போய் வா என்றேன். இரண்டு கையெழுத்து இல்லாவிட்டால் படிவம் செல்லாதாம். ஏலத்தை மகன் பார்த்துக்கொள்வான் என்று ருக்குமணியே போனில் அவளிடம் சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மண்டி அறையை வெள்ளையடிக்க ஆள் வந்தது. மேசையை நகர்த்தவேண்டும், இழுப்பறையெல்லாம் காலி செய்யுங்கள் என்றாள் ருக்குமணி. மேல் இரண்டையும் செய்தேன். மூன்றாவதின் சாவி கிடைக்கவில்லை என்றேன்.

"இடுப்பு அரணாக்கொடியில தொங்கறது என்னுங்க?"

"அது வேற."

மேசையை அப்படியே தூக்கி நகர்த்தினார்கள்.

பிப்ரவரி 19, திங்கள்

நொச்சிவலசு நடுநிலைப் பள்ளி. தலைமையாசிரியை வசுமதி. ஐம்பத்தொன்பது முடிந்துவிட்டது, வருகிற மே 31-ம் தேதி ஓய்வு. குள்ளமான உருவம், கணீர்க் குரல். என்னை "வாங்க" என்றார். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

இங்கே பீரோவுக்குப் பூட்டு இல்லை. டேப் வகுப்பில் இருந்தது, பிள்ளைகள் கையில். கண்ணாடி விரிசல் விட்டவை ஏழு. ஒன்றின் மூலையை ஆடு கடித்திருந்தது. இரண்டு சுத்தமாகச் செத்துவிட்டன. மிச்சத்தில் ஓரமெல்லாம் மஞ்சள் கறை.

"இது என்ன கறை டீச்சர்?" என்றாள் பெனிட்டா.

"மஞ்சளுங்க. தையில இருந்து பங்குனி வரைக்கும் எங்க ஊர்ப் புள்ளைக பாதிப்பேரு பள்ளிக்கூடத்துக்கு வராதுங்க. அப்பன் ஆத்தாவோட மஞ்சக்காட்டுக்குப் போயிருமுங்க. புடுங்கறது, வேக வெக்கறது, காய வெக்கறது. புள்ளைக வராட்டிப் போகுது, பாடமாச்சும் போகட்டும்னு டேப்பக் குடுத்து உட்டனுங்க. அதுகளே படிச்சுப் பதிவு பண்ணி வெக்கும். சந்தேகம் இருந்தா அதையும் பேசி வெக்கும். சனிக்கெழமை நான் மொபெட்டுல காடு காடாப் போயிக் கேட்டுட்டு, பதிலப் பேசி வெச்சுட்டு வருவனுங்க. இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு எல்லாத்தையும் வாங்கி வெச்சிருக்கறனுங்க."

"இதுக்கு நெட் வேண்டாமா?"

"மொபெட்டுதானுங்க நெட்டு."

பெனிட்டா சிரித்தாள். ஒரு வாரத்தில் அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன். பிறகு எண்ணினாள். இருபத்து நான்கு.

"ஒண்ணு குறையுதே டீச்சர்?"

"இருபத்து மூணாம் நம்பருங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால மாசி மாசம் போச்சுங்க. கௌசிகான்னு ஒரு புள்ள, ஏழாவது. பாய்லர் போட்டு மஞ்ச வேக வெக்கற களத்துல வெச்சுப் படிச்சிட்டு இருந்திருக்குது. கார்ல வந்த ஒரு பெரியவரு புடுங்கிட்டுப் போயிட்டாருன்னு அழுதுட்டு வந்து சொல்லுச்சுங்க. யாருன்னு அதுக்குத் தெரியலைங்க. மஞ்ச வேவாரிக நூறு பேரு வர்ற காலம் அது."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் கல்வி ஆபீசுக்குக் குழுவுல இருந்து லெட்டர் போச்சுங்க. பள்ளிச் சாமான் வெளிய சுத்துது, தலைமையாசிரியை கவனக்குறைவுன்னு. வேலைக்கே ஒல வெக்கற செவண்டீன் பி மெமோ குடுத்துட்டாங்க. காணாமப் போன டேப் எங்கேன்னு கேட்டாங்க. என்னன்னுங்க சொல்லுவேன்? இன்னிக்கு வரைக்கும் அது முடியலைங்க."

பெனிட்டா என் பக்கம் திரும்பவில்லை. படிவத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: "அந்த லெட்டர்ல என்ன இருந்துச்சு?"

"எல்லாங் கரெக்டாத்தானுங்க இருந்துச்சு. களம், தேதி, இருபத்து மூணாம் நம்பர்னு கூட." வசுமதி டீச்சர் ஒரு டேப்பைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினார். பொட்டு அளவுக்கு ஒரு ஸ்டிக்கர், அதில் எண். "கையில வெச்சுத் திருப்பிப் பாத்தாத்தானுங்க இந்த நம்பரு தெரியும்."

வெயில் கடுமை. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

படிவப்படி நொச்சிவலசு கடைசித் தரம். கருவிகளின் நிலை முப்பதுக்கு நான்கு. பாதுகாப்பு பூஜ்யம். இந்தத் தரம் வந்தால் டேப்பைத் திரும்ப எடுத்து வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். அறிக்கை நகல் கல்வி அலுவலகத்துக்கும் போகும்.

"அப்படிப் போனா டீச்சருக்கு என்னாகும் சார்?" என்று பெனிட்டா கேட்டாள்.

என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மெமோ முடியாமல் கிடந்தால் ஓய்வு பெறுகிற அன்றைக்குச் சாயங்காலம் ஆர்டர் வரும், தற்காலிகப் பணிநீக்கம் என்று. மாலை போட்டுக்கொண்டு நிற்கும்போது வந்ததுண்டு. பக்கத்து ஒன்றியத்தில் ஒரு வாத்தியாருக்கு, வாழ்த்துரை வாசித்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. அதற்குப் பிறகு பத்து வருடம் அலையவேண்டியதுதான்.

"என் கையெழுத்து முடிஞ்சுது சார். உங்க கையெழுத்து?"

நாளைக்குப் போடுகிறேன் என்றேன்.

பிப்ரவரி 21, புதன்

போடவில்லை. மஞ்சள் நூறு ரூபாய் ஏறியிருக்கிறது. மனசு அதில் போகவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

மத்தியானம் மண்டியில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தேன்.

அது அங்கேயேதான் இருக்கிறது. மஞ்சள் கறை அப்படியே. கணக்கப்பிள்ளையின் போன் வயரைச் செருகி வைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. செத்திருந்தால் நல்லது என்று நினைத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று மணிக்கு விளக்கு எரிந்தது. கணக்கப்பிள்ளை வந்துவிட்டார். மறுபடியும் பூட்டிவிட்டேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

வண்டியை ஏரிக்கரையில் நிறுத்திக்கொண்டு டேப்பில் இருந்ததைக் கேட்டேன். மொத்தம் நாற்பத்தொரு பதிவு.

முதலில் தமிழ்ப் பாடம். அந்தப் பிள்ளைக்குக் கூச்சம், வேகமாக வாசித்து முடிக்கிறது. பின்னால் பாய்லர் சத்தம், யாரோ விறகு கேட்கிறார்கள். "அம்மா கூப்புடுது, சித்தெ இருங்க டீச்சர்" என்று டேப்பிடமே சொல்லிவிட்டுப் போகிறது. வந்து விட்ட இடத்திலிருந்து வாசிக்கிறது. அடுத்த பதிவில் வசுமதி டீச்சர் குரல், எங்கெங்கே தப்பு என்று.

பத்துப் பதினைந்துக்குப் பிறகு கூச்சம் போய்விட்டது. "டீச்சர், ஆவி மேலதான் போகும்னு புஸ்தகத்துல இருக்குது. எங்க பாய்லர்ல ஆவி பைப்புல கீழ எறங்கி மஞ்சத் தொட்டிக்குப் போகுதுங்களே. புஸ்தகந் தப்புங்களா, பாய்லர் தப்புங்களா?" டீச்சர் சிரிப்பது கேட்கிறது. "ரெண்டும் தப்பில்ல கண்ணு. நல்லாக் கேட்ட. நீயே சித்தெ யோசி, உள்ள அடைச்சு வெச்ச ஆவி எதுக்கு ஓடப் பாக்குது?"

முப்பது வருடமாக அந்தப் பாய்லரைப் பார்க்கிறேன். எனக்குத் தோன்றியதே இல்லை.

நாற்பத்தொன்றாவது பதிவு. கணக்குப் பாடம். விழுக்காடு. பாதியில் இன்னொரு குரல்.

"யாருது இது? பள்ளிக்கூடத்துச் சாமானுக்கு இங்கென்ன சோலி?"

"டீச்சர் குடுத்ததுங்க."

"டீச்சர் குடுத்தா? நாளைக்கு வித்துத் தின்னுட்டுக் காணோம்பீங்க. குடு."

"ஐயா, இன்னும் ரெண்டு கணக்குதானுங்க..."

"குடுங்கறனல்ல."

பிறகு கார்க் கதவு. பதிவை நிறுத்தத் தெரியாமல் நான் பக்கத்து சீட்டில் போட்டிருக்கிறேன். என்ஜின் சத்தம். போனில் யாரிடமோ விலை பேசுகிறேன். அப்புறம் நாற்பது நிமிடம் ஓடி நிற்கிறது. அதில் பாதி நேரம் சீட்டி அடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

பிப்ரவரி 24, சனி

அப்போது எனக்கு நல்ல எண்ணம்தான் இருந்தது. ஒரு அநியாயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற எண்ணம். கல்வி அலுவலகத்துக்கு எழுதிவிட்டு, அடுத்த குழுக் கூட்டத்தில் அத்தாட்சியாக எடுத்து வைக்கலாம் என்று டேப்பை இழுப்பறையில் வைத்தேன். கூட்டம் தள்ளிப் போனது. அதற்குள் "காணாமல் போன டேப் எங்கே" என்று அலுவலகம் டீச்சரைக் கேட்டுவிட்டது. அப்போது போய் என்னிடம் இருக்கிறது என்றால், மண்டிக்காரன் பிள்ளைகள் சாமானை அமுக்கிவிட்டான் என்பார்கள். அப்புறம் மறந்துபோனது.

மேலே எழுதியதில் கடைசி வரி பொய். ஒரு நாளும் மறக்கவில்லை. சாவி அரணாக்கொடியில் இருக்கிறது, எப்படி மறக்கும்?

பொறுப்புக் கடிதமும் நான் எழுதியதுதான். குழுவில் மற்ற நான்கு பேர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. படிவத்தில் நிலைக்கு முப்பது, பாதுகாப்புக்கு இருபது என்று பவுண்டேஷனுக்கு யோசனை சொன்னதும் நான். பார்த்த பீரோக்களுக்கெல்லாம் உண்மையான பூட்டு நான்தான்.

பிப்ரவரி 26, திங்கள்

பெனிட்டா தங்கியிருக்கிற லாட்ஜுக்குப் போய், கீழே வரவேற்பறையில் உட்கார்ந்து, டேப்பை அவள் முன்னால் வைத்தேன். நாற்பத்தொன்றாவதைப் போட்டேன். கேட்டு முடித்தாள்.

"எனக்குப் போன திங்கக்கிழமையே தெரியும் சார். நீங்க தண்ணி கேட்டப்போ."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்களா எடுத்து வெச்சா இது சாட்சி. நான் கேட்டு வாங்கினா வெறும் புகார்." டேப்பைத் திருப்பி எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க இந்த மதிப்பீட்டுல இருந்திருக்கவே கூடாது சார். இதை நான் எழுதணும்."

"எழுது அம்மணி. உள்ளூர் உறுப்பினர் ஒருவர்னு போட்டு எழுதினாப் போதாதா? பேரு வேண்டாமே?"

அவள் பேனாவை மூடித் திறந்தாள், மூடித் திறந்தாள். முப்பத்து நாலு வருடமாகப் பேரம் பேசியிருக்கிறேன். எதிராளி வாயைத் திறக்காவிட்டால் நாமே விலையை ஏற்றுவோம் என்பது தெரிந்தும் ஏமாந்தேன்.

"சரி. பேரு போட்டே எழுது."

"இனிஷியலோட சொல்லுங்க."

"ஆர். சென்னியப்பன்."

இரண்டாவது கையெழுத்து இப்போது செல்லாது. வேறு ஆளைப் போட்டு நொச்சிவலசை மறுபடியும், பார்க்காத மூன்று பள்ளியையும் பார்ப்பார்களாம். படிவம் தலைகீழாக இருக்கிறது, உடைந்ததைப் பார்த்து மதிப்பெண்ணைக் குறைக்கிறது, உறையே பிரிக்காததைப் பார்த்துக் கூட்டுகிறது என்றும் எழுதப்போகிறாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

கல்வி அலுவலகம். என் பழைய கடிதத்தைத் திருப்பி வாங்க வந்தேன் என்றேன். பிரிவு எழுத்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"குடுத்த லெட்டரத் திருப்பிக் குடுக்கற வழக்கம் இல்லீங்களே. வேணும்னா புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க. ரெண்டையும் ஒரே பைல்ல வெச்சிருவோம்."

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா இருக்குமுங்க."

"பைல்னா அப்படித்தானுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். டேப்பை எடுத்தது நான், வைத்திருந்தது நான், டீச்சர் பேரில் குற்றமில்லை. டேப்பை ஒப்படைத்து ரசீது வாங்கினேன். அதற்கு முன்பே நாற்பத்தொரு பதிவையும் பெனிட்டா பிரதி எடுத்துவிட்டாள், டீச்சருக்கும் ஒன்று கொடுப்பாளாம்.

பிறகு நொச்சிவலசு. சொல்ல வந்ததைச் சொன்னேன். வசுமதி டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தெரியுமுங்க."

"ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கலாமே டீச்சர்?"

"கேட்டு நீங்க இல்லைன்னுட்டா? உங்க வார்த்தையும் என் வார்த்தையும் ஒரே வெலையுங்களா இந்த ஊர்ல?" இன்னொரு நோட்டை எடுத்தார். "மெமோவுக்கு நான் பதில் எழுதிக்குவனுங்க. அந்தப் புள்ள அன்னிக்கோட நின்னுருச்சு. திருடிப்பட்டம் கட்டிருவாங்கன்னு அதும் ஆத்தா அனுப்ப மாட்டேன்னுருச்சு. அதுக்கு யாருங்க பதில் எழுதறது?"

மார்ச் 8, வெள்ளி

பவுண்டேஷனிலிருந்து மெயில். மகன் படித்துச் சொன்னான். வெளிப்படையாக இருந்ததற்கு நன்றி. குழுவிலிருந்து விலகிக்கொள்ளவும். மதிப்பெண் முறை பரிசீலிக்கப்படும்.

"பரிசீலிக்கப்படும்னா?" என்று கேட்டேன்.

"நீங்க வேண்டாத பார்ட்டிக்கு 'பாக்கலாம்'னு சொல்லுவீங்களே, அதுங்கப்பா."

மண்டித் தெருவில் செய்தி போய்விட்டது. இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

களத்துக்குப் போனேன். அதே பாய்லர். கௌசிகா விறகு தள்ளிக்கொண்டிருந்தது. வளர்ந்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து கையிலிருந்ததைப் பின்னால் மறைத்தது. வெறும் கந்தல் துணிதான், சூட்டுக்குப் பிடிப்பது.

அதன் அம்மா வந்தாள். "இப்ப எம்புள்ள என்னத்த எடுத்துச்சு சாமி?" என்றாள் நேராக.

"ஒண்ணும் எடுக்கல ஆத்தா. நாந்தான் எடுத்தேன். அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் நம்பவில்லை. நான் அவளாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

பிள்ளை மட்டும் கேட்டது: "நான் பேசுனதெல்லாம் அதுல இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குது. டீச்சர்கிட்ட இருக்குது."

"அந்த ரெண்டு கணக்கு முடிக்கலைங்க" என்றது. பிறகு பாய்லர் வாயைப் பார்த்துக் குனிந்துகொண்டது.

ஏப்ரல் 24, புதன்

மறு மதிப்பீட்டில் நொச்சிவலசுக்கு டேப் தொடரும் என்று வந்திருக்கிறது. மெமோவைப் பற்றி ஒன்றும் இல்லை. எழுத்தரைக் கேட்டேன். "மேல போயிருக்குதுங்க" என்றார். எத்தனை மேலே என்று அவருக்கும் தெரியாது.

மே 29, புதன்

மூன்றாவது தடவை மாவட்ட அலுவலகம். "வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சே முக்கா வரைக்கும் எதும் வர்லைனா வர்லைன்னு அர்த்தம்" என்றார்கள்.

மே 31, வெள்ளி

மூன்று மணிக்கே நொச்சிவலசுக்குப் போய்விட்டேன். கோடை விடுமுறையானாலும் பிள்ளைகள் முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். மாலை வாங்கி வைத்திருந்தார்கள். வசுமதி டீச்சர் போட்டுக்கொள்ளவில்லை.

"ஆறு மணிக்கு மேல போட்டுக்கலாம் கண்ணு. அவசரப்பட்டாக் கழட்டறதுக்கு ஆள் வந்துருவாங்க."

பொறுப்பை வாங்கிக்கொள்ள அன்பரசி என்ற ஆசிரியை வந்திருந்தார். சின்ன வயது. இருவரும் பொருள் பதிவேட்டைச் சரிபார்த்தார்கள். நாற்காலி, தராசு, உலக உருண்டை. ரோட்டில் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் எல்லோரும் நிமிர்ந்தோம். நாலே முக்காலுக்கு ஒரு ஆள் உறையோடு வந்து இறங்கினான். கரண்ட் பில். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அஞ்சரைக்கு டீச்சர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அஞ்சே முக்கால். ஆறு. இன்னும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்தார்.

"வரலைங்க" என்றார், என்னைப் பார்த்து.

அவ்வளவுதான். வேறு நல்ல வார்த்தையை நானும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் மாலையைப் போட்டார்கள். கௌசிகா சுவரோரம் நின்றிருந்தது. அந்தப் பிள்ளைக்கு எட்டாவது தனித்தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்று என்று டீச்சர் யாரிடமோ சொல்வது கேட்டது.

கிளம்புகிற நேரத்தில் அன்பரசி டீச்சர் ஒரு தாளோடு வந்தார். பவுண்டேஷன் அனுப்பியதாம், புதுத் தலைமையாசிரியர்கள் கையெழுத்துப் போடவேண்டும். வாங்கிப் பார்த்தேன். எழுத்து மட்டும் புதுசு. வரிக்கு வரி என் பழைய பொறுப்புக் கடிதத்தின் வாசகம்.

"பெரியவரே, இதுல போடணுமுங்களா? போட்டா அப்புறம் நான் பீரோவப் பூட்டித்தான் வெக்கோணும். எனக்கு இன்னும் இருவத்தஞ்சு வருசம் சர்வீஸ் இருக்குதுங்க."

வசுமதி டீச்சர் கழுத்தில் மாலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனாவை வாங்கினேன். 'தலைமையாசிரியர்' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, மேலே 'மஞ்சள் மண்டி' என்று எழுதி, இனிஷியலோடு கையெழுத்துப் போட்டேன். பவுண்டேஷன்காரர்கள் ஏற்பார்களோ மாட்டார்களோ. சாமானுக்குச் சொந்தக்காரன் வேண்டும் என்று சொன்னவன் நான்தானே.

வீட்டுக்கு வந்து ருக்குமணியிடம் சொன்னேன். தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

"ஏனுங்க, புள்ளைக கையில குடுத்தா உடையுமல்லங்க?"

"உடையும்" என்றேன்.